கடல் ஓங்கலில் ட்ராட் ஏற்றம்: கயிற்றில் இறங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அடிவாரத்தில் நின்று பாறை ஏறுகிறவருக்கு ஒரு தைரியம் எப்போதும் உண்டு: முடியாவிட்டால் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். கடல் ஓங்கலில், அதாவது கடலோரச் செங்குத்துப் பாறையில், இது தலைகீழாகிவிடுகிறது. உச்சிக்கு நடந்து வந்து, அங்கிருந்து கயிற்றில் தொங்கி, அலைக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு திட்டில் இறங்கி, பிறகு பாறையைப் பிடித்து ஏறி வெளியே வர வேண்டும். காலடியில் கடல். வழி மேலே மட்டும்தான்.

அதனால் இங்கே கை வலிமைக்குச் சமமாக இன்னொன்று வேண்டியிருக்கிறது. இறங்கலாமா, எப்போது இறங்கலாம், இறங்கிய பின் ஏற முடியாமல் போனால் என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் உச்சியில் நிற்கும்போதே விடை கையில் இருக்க வேண்டும். கயிற்றில் எடை போட்ட பிறகு யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

ட்ராட் என்றால் என்ன

‘ட்ரெடிஷனல்’ என்பதன் சுருக்கம்தான் ட்ராட். இன்று பல பாறைகளில் துளையிட்டு போல்ட் அடித்திருப்பார்கள். ஏறுபவர் அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். அது ஸ்போர்ட் ஏற்றம். ட்ராடில் பாறையில் எதுவும் அடிக்கப்பட்டிருக்காது. முதலில் ஏறுபவர், அதாவது முன்னவர், இடுப்பில் உலோகத் துண்டுகளைக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுவார். வழியில் விரிசல் கிடைக்கும் இடத்தில் பொருத்தமான ஒன்றைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிவிட்டு மேலே போவார். இப்படிச் செருகும் ஒவ்வொன்றையும் காப்பு என்று சொல்வோம். இரண்டாவதாக வரும் பின்னவர் அவற்றையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு வருவார். இருவரும் போன பின் பாறை முன்பிருந்தபடியே இருக்கும்.

கயிறு ஏறுவதற்கு உதவுவதில்லை. விழுந்தால் பிடித்து நிறுத்த மட்டுமே. முன்னவர் கடைசிக் காப்புக்கு 3 மீட்டர் மேலே இருந்து விழுந்தால் 6 மீட்டர் விழுவார், அதோடு கயிறு நீளும் அளவும் சேரும். இந்தக் கணக்கு ஏறும்போது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடலோரத்தில் ட்ராட் முறை நிலைத்திருப்பதற்கு மரபு மட்டும் காரணமல்ல. உப்புக் காற்றில் சாதாரண எஃகு வெகுவேகமாகத் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதும் கடலோரத்தில் குளோரைடின் தாக்கத்தால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடக்கூடும். வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட், கையால் அசைத்தால் ஒடிந்து வந்த நிகழ்வுகள் உண்டு. இதனால்தான் கடலோரத்தில் போல்ட் அடிப்பவர்கள் டைட்டானியத்துக்கு மாறினார்கள். பழைய ஏற்றங்களில் எப்போதோ அடித்து விட்டுப்போன ஆணிகளும் ஆங்காங்கே தென்படும். அவற்றை இல்லாதவையாகவே கருதுங்கள். மாட்டுவதில் தவறில்லை, நம்புவதில்தான் ஆபத்து.

பிரிட்டனின் கரைகளில் இந்த வகை ஏற்றம் செழித்து வளர்ந்திருக்கிறது. பெம்ப்ரோக்கில் சுண்ணாம்புப் பாறை, கார்ன்வாலில் கிரானைட், ஆங்கிள்சி தீவின் கோகார்த்தில் குவார்ட்சைட் என்று பாறை மாற மாற காப்பு வைக்கும் விதமும் மாறும். கிரானைட்டில் நேரான, ஆழமான விரிசல்கள் கிடைக்கும், சொரசொரப்பும் அதிகம். சுண்ணாம்புப் பாறையில் ஓட்டைகளும் குறுகிப்போகும் பிளவுகளும் நிறைய, ஆனால் ஈரம் பட்டால் சோப்பு தடவியதுபோல் வழுக்கும்.

நட், கேம்: எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும்

நட் என்பது ஆப்பு வடிவ அலுமினியத் துண்டு. அதிலிருந்து ஒரு கம்பி வடம் தொங்கும். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வேல்ஸ் மலைகளில் ஏறியவர்கள் ஒரு காலத்தில் ரயில்பாதை ஓரம் கிடந்த இயந்திர நட்டுகளைப் பொறுக்கி, அவற்றின் ஓட்டையில் கயிறு கோத்து, விரிசலில் சிக்கவைத்து ஏறினார்கள். 1960களில் ஏறுவதற்கென்றே தனியாக வார்க்கப்பட்ட துண்டுகள் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

நட் வைப்பதற்கு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் உள்ள விரிசல் வேண்டும். அகலமான இடத்தில் உள்ளே விட்டு, குறுகும் இடம்வரை கீழே இறக்கி, வடத்தைப் பிடித்து ஒருமுறை சுருக்கென்று இழுக்க வேண்டும். இழுத்ததும் நட் பாறையில் ‘உட்கார்ந்தது’ போன்ற உணர்வு கைக்குத் தெரியும். பிறகு மூன்றைப் பாருங்கள். நட்டின் இரு பக்கமும் பாறையோடு முழுதாகப் படிகிறதா, அல்லது ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறதா? விழுந்தால் இழுக்கும் திசையில் அது மேலும் இறுகுமா? சுற்றியுள்ள பாறை உறுதியானதா? மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பாறையைத் தட்டுங்கள். பானையைத் தட்டியதுபோல் பொள்ளென்று ஒலித்தால் அது தனியாகப் பெயர்ந்து நிற்கும் செதில். அதன் பின்னால் எவ்வளவு நேர்த்தியாக நட்டைச் செருகினாலும் பயனில்லை.

எவ்வளவு விசை தாங்கும் என்பது ஒவ்வொரு நட்டிலும் கிலோநியூட்டனில் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவை 12 வரை தாங்கும். மிகச் சிறியவை 4-க்கும் கீழே. விழும்போது மேலே உள்ள காப்பின் மீது விழுபவரின் இழுப்போடு, மறுமுனையில் கயிற்றைப் பிடித்திருப்பவரின் இழுப்பும் சேர்கிறது. ஆகவே சின்னஞ்சிறு நட் ஒன்றை மட்டும் நம்பி நீண்ட தூரம் மேலே போகாதீர்கள். இரண்டை அடுத்தடுத்து வையுங்கள்.

நட் பிடிக்காத, இரு சுவரும் இணையாகப் போகும் விரிசலுக்கு கேம், அதாவது விரிந்து சுருங்கும் பற்கள் கொண்ட கருவி. அதன் தண்டிலுள்ள விசையை (ட்ரிக்கரை) இழுத்தால் பற்கள் சுருங்கும். விரிசலுக்குள் விட்டு விசையை விட்டால் விரிந்து இரு சுவரையும் அழுத்தும். ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த அமைப்பு 1970களின் இறுதியில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதன் சூட்சுமம் பற்களின் வளைவில் இருக்கிறது. அது ஒரு மடக்கைச் சுருள். எவ்வளவு விரிந்தாலும் சுருங்கினாலும் பாறையைத் தொடும் கோணம் மாறாமல் இருக்கும்படி வரையப்பட்டது. பழைய ஃப்ரெண்ட்ஸில் அந்தக் கோணம் 13.75 பாகை. அந்தக் கோணத்தில் நீங்கள் கீழே இழுக்கும் விசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விசை ஒவ்வொரு சுவரையும் வெளிநோக்கித் தள்ளுகிறது. கேம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். உறுதியற்ற செதிலின் பின்னால் கேம் வைத்தால் அந்தச் செதிலையே நெம்பிப் பெயர்த்துவிடுவதற்கும் காரணம் இதேதான்.

பற்கள் பாதிக்கும் முக்காலுக்கும் இடையே சுருங்கி இருப்பது நல்ல நிலை. அதிகம் விரிந்திருந்தால் சற்று அசைந்தாலும் பிடிப்பு போய்விடும். முழுக்கச் சுருக்கித் திணித்தால் பின்னவரால் கழற்ற முடியாது. கடல் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் சிக்கிய கேமோடு ஒருவர் கால் மணி நேரம் போராடுவது நல்லதல்ல. கேம் பிடிப்பது உராய்வால் என்பதால் ஈரமான, வழவழப்பான சுண்ணாம்புப் பாறையில் அதன் நம்பகம் குறைகிறது. நனைந்த விரிசலில் நட்டுக்கு இடமிருந்தால் நட்டே மேல்.

கருவி எதுவும் இல்லாமலேயே கிடைக்கும் காப்புகளும் உண்டு. பாறையில் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைமீது ஸ்லிங்கை, அதாவது உறுதியான நாடா வளையத்தை, மாலைபோல் போடலாம். சுண்ணாம்புப் பாறையில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்து இன்னொரு ஓட்டை வழியாக வெளிவரும்படி ஸ்லிங்கைக் கோத்துவிடலாம். நல்ல தடிமனான பாறையில் இப்படிக் கோத்தது எந்தத் திசையில் இழுத்தாலும் நிற்கும். இதைக் கண்டால் விடாதீர்கள்.

தொடங்குபவருக்கு ஒரு செட் நட், நடுத்தர அளவுகளில் 4 முதல் 6 கேம், 10 முதல் 12 குவிக்ட்ரா (இரு முனையிலும் கொக்கியுள்ள குட்டை நாடா), 60 செ.மீ. ஸ்லிங் ஆறு, 120 செ.மீ. ஸ்லிங் மூன்று, பூட்டும் கேரபைனர் (உலோகக் கொக்கி வளையம்) ஐந்தாறு, சிக்கிய நட்டை நெம்பி எடுக்கும் நட் கீ ஆளுக்கொன்று, எடை போட்டால் கயிற்றில் இறுகிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சுக்கு 5 அல்லது 6 மி.மீ. கயிற்று வளையம் ஆளுக்கிரண்டு போதும். ஹெல்மெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. ஆனாலும் சொல்கிறோம்: கடல் ஓங்கல்களின் மேல்பகுதி பெரும்பாலும் மண்ணும் புல்லும் உதிரிக் கற்களும் கலந்த சரிவு. அங்கே கயிறு உரசினாலே கல் விழும். கீழே நிற்பவருக்கு ஒதுங்க இடம் இருக்காது.

இரண்டு கயிறுகள், ஒரு கணக்கு

கடல் ஓங்கலில் ஒரே தடித்த கயிற்றைவிட, 8 முதல் 9 மி.மீ. தடிமனுள்ள 50 மீட்டர் அரைக்கயிறுகள் (சோடியாகவே பயன்படும் மெல்லிய கயிறுகள்) இரண்டை வெவ்வேறு நிறங்களில் கொண்டுபோவது வழக்கம். இடப்பக்கக் காப்புகளில் சிவப்பு, வலப்பக்கக் காப்புகளில் நீலம் என்று பிரித்து மாட்டினால் ஏற்றம் வளைந்து வளைந்து போனாலும் கயிறுகள் நேராக ஓடும். கூர்மையான விளிம்பில் ஒன்று அறுபட்டாலும் மற்றொன்று இருக்கும். புதியவர் செய்யும் தவறு இரண்டையும் மாற்றி மாற்றிக் குறுக்கே மாட்டுவது. அப்படிச் செய்தால் 20 மீட்டர் மேலே போனதும் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் கயிறு கனக்கும். ஒரு அடி எடுத்துவைக்கவே முடியாது.

கயிறு வளைந்து போகும் இடத்தில் குவிக்ட்ராவுக்குப் பதில் 60 செ.மீ. ஸ்லிங் போட்டு நீட்டுங்கள். உரசல் குறையும் என்பது ஒரு பக்கம். கயிறு ஆடும்போது நட் மேல்நோக்கி இழுபட்டுக் கழன்றுவிடாமல் இருக்கும் என்பது அதைவிட முக்கியம். பிலே பிடிப்பவர், அதாவது கீழே நின்று முன்னவரின் கயிற்றைப் பிடித்திருப்பவர், பாறையிலிருந்து தள்ளி நின்றால் இந்த ஆபத்து கூடும். முன்னவர் விழும் கணத்தில் கயிறு விறைத்து நேர்கோடாக முயலும். கீழே உள்ள முதல் நட்டை வெளிப்பக்கமாகப் பிடுங்கும், பிறகு அடுத்ததை, பிறகு அதற்கடுத்ததை. கீழிருந்து மேலாக வரிசையாகக் கழன்றுபோவது இப்படித்தான். முதல் காப்பு வெளிப்பக்கம் இழுத்தாலும் நிற்கும்படி அமைய வேண்டும், பிலே பிடிப்பவர் பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும்.

விழுதலின் கடுமையை அளக்க ஒரு எளிய வகுத்தல் இருக்கிறது. விழுந்த தூரத்தை வெளியே விட்டிருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். திட்டிலிருந்து 5 மீட்டர் மேலே ஏறி, ஒரு காப்பும் வைக்காமல், திட்டையும் தாண்டிக் கீழே விழுந்தால் விழுந்தது 10 மீட்டர், கயிறு 5 மீட்டர். விடை 2. இதைவிடக் கடுமையான விழுதல் கிடையாது. 2 மீட்டரில் ஒரு காப்பு வைத்திருந்தால் விழுவது 6 மீட்டர், விடை 1.2 ஆகிறது. 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது கடைசிக் காப்புக்கு 2.5 மீட்டர் மேலிருந்து விழுந்தால் 0.25 மட்டுமே. நீளும் கயிறு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மென்மையாக அது வாங்கிக்கொள்கிறது. ஆகவே திட்டை விட்டுக் கிளம்பியதும் தாமதிக்காமல் முதல் காப்பை வைத்துவிடுங்கள். ‘இங்கே எளிதாகத்தானே இருக்கிறது’ என்று கடந்துபோவதுதான் வழக்கமான பிழை.

கடலைப் படிப்பது

கடல் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். அந்தச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்று காலை 9 மணிக்கு வற்றிய கடல் இன்று 9.50-க்கு வற்றும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. அட்டமியை ஒட்டி அது குறையும். சில திட்டுகள் பெரிய ஓத நாட்களில் மட்டுமே நீருக்கு வெளியே தலைகாட்டும். வேறு சில, அட்டமி ஓதத்தில் நாள் முழுக்கக் காய்ந்தே கிடக்கும். புதியவர்களுக்கு இரண்டாவது வகையே ஏற்றது.

நீர்மட்டம் சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேரத்தில் ஏறும் மொத்த அளவைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, கடைசியில் 1 என்று ஏறும். மொத்த ஏற்றம் 6 மீட்டர் என்று வையுங்கள். பெம்ப்ரோக் கரையில் பெரிய ஓத நாட்களில் இந்த அளவு வரும். முதல் மணியில் அரை மீட்டர்தான் ஏறும். அதைப் பார்த்து ‘மெதுவாகத்தான் வருகிறது’ என்று நினைத்தால், மூன்றாம் நான்காம் மணிகளில் 3 மீட்டர் ஏறிவிடும். அதாவது திட்டின்மேல் நிற்கும் ஓர் ஆளின் தலையையும் தாண்டி.

நல்ல உத்தி, கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்குவது. முழுதாக வற்றுவதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பு திட்டு வெளிப்பட்டுவிட்டால், ஏதாவது தாமதமானாலும் கைவசம் நேரம் இருக்கும். வற்றி முடிந்த பின் இறங்கினால் ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்கு எதிராக ஓடும். ஓத அட்டவணையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நாடுகளில், அச்சிட்ட அட்டவணை பழைய நேரத்திலேயே இருப்பதுண்டு. அந்த ஒரு மணி நேரப் பிசகு பலரைத் திட்டில் சிக்கவைத்திருக்கிறது.

அட்டவணை சொல்லாதது அலை. தொலைதூரப் புயலில் கிளம்பிய நீண்ட அலைகள், காற்றே இல்லாத வெயில் நாளிலும் கரைக்கு வந்து சேரும். அவை ஒரே அளவாக வருவதுமில்லை. பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, அடுக்கடுக்காக மூன்று நான்கு பெரிய அலைகள் வரலாம். உச்சியில் உட்கார்ந்து குறைந்தது 20 நிமிடம் திட்டையே பாருங்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு அலை திட்டைத் தொட்டாலும் அன்று அந்த ஏற்றம் வேண்டாம். அமைதியான கடலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கொந்தளிக்கும் கடலில் யாரும் இறங்க நினைப்பதில்லை.

பாறையின் நிறமும் பேசும். கொட்டலசு எனப்படும் வெள்ளை ஓட்டு உயிரிகள் ஒட்டியிருக்கும் மட்டம் கடல் பெருகும்போது நீருக்குள் போகும் இடம். அதற்கு மேலே தார் பூசியதுபோன்ற கறுப்புப் பட்டை அலைத் துளிகள் தெறிக்கும் மண்டலம். அது நனைந்தால் கால் நிற்காது. அதற்கும் மேலே மஞ்சளும் ஆரஞ்சுமாய்ப் படர்ந்த பாசிக் காளான்கள் (லைக்கன்), பிறகு சாம்பல் நிறத் தாடிபோன்றவை. நீங்கள் நிற்கப்போகும் திட்டில் கொட்டலசு இருக்கிறது என்றால், ‘ஓதம் எட்டாத திட்டு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காலையில் உப்பும் ஈரமும் சேர்ந்து பாறைமீது பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். வெயிலும் காற்றும் பட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது காய்ந்துவிடும். மேற்கு பார்த்த ஓங்கலுக்கு விடியற்காலையில் போவது வீண் வேலை.

இறங்குதல்

இறங்குவதற்கு ஏறும் கயிறுகளைப் பயன்படுத்த வேண்டாம். 10 முதல் 11 மி.மீ. தடிமனுள்ள, நீளாத தனிக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து உச்சியில் கட்டி, ஏறி முடிக்கும்வரை அப்படியே விட்டுவைப்பதே சரி. ஏற முடியாமல் போனால் அதுதான் உங்கள் மாற்று வழி. நீளும் கயிற்றில் தொங்கி இறங்கினால் அது மேலும் கீழும் ரப்பர்போல் ஆடி, விளிம்பில் உரசி உரசித் தேயும்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறைந்தது இரண்டு பிடிமானங்களில் கயிற்றைக் கட்டுங்கள். புல்வெளியில் அடித்த இரும்பு முளைகள் இருந்தால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மண்ணுக்குள் போகும் இடத்தில்தான் முளை துருப்பிடித்திருக்கும், மேலே தெரியாது. கயிறு விளிம்பைத் தாண்டும் இடத்தில் உறையோ தடித்த துணியோ போட்டு, அது நகராதபடி கட்டிவையுங்கள். கயிற்றின் கீழ்முனையில் ஒரு பெரிய முடிச்சு. முழுக் கயிற்றையும் தூக்கி எறிந்தால் காற்று அதை எங்காவது கொண்டுபோய்ச் செருகும், அல்லது முனை கடலில் விழுந்து அலையோடு சேர்ந்து பாறை இடுக்கில் சிக்கும். பையில் அடைத்து இடுப்பில் தொங்கவிட்டு, இறங்க இறங்க வெளியே விடுவது பாதுகாப்பு.

இறங்கும் கருவியை ஹார்னஸிலிருந்து (இடுப்பிலும் தொடையிலும் அணியும் வார்க்கட்டு) ஒரு ஸ்லிங் நீளம் தள்ளி மாட்டி, அதற்குக் கீழே ப்ரூசிக் முடிச்சு போட்டு ஹார்னஸோடு இணையுங்கள். கை நழுவினாலும் முடிச்சு இறுகி நிறுத்திவிடும். விளிம்புக்குப் போவதற்கு முன்பே, வேறொரு ஸ்லிங்கில் கட்டப்பட்டிருக்கும் நிலையில், கருவியில் முழு எடையையும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகுதான் அந்த ஸ்லிங்கைக் கழற்ற வேண்டும்.

இருவரில் அனுபவம் மிக்கவர் முதலில் இறங்குவார். ஏறும் கயிறுகளும் காப்புக் கொத்தும் அவரோடு போக வேண்டும். உச்சியில் மறந்து வைத்துவிட்டு இருவரும் இறங்கிய கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர் திட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலேயே நின்று கடலைப் பார்ப்பார். சரியில்லை என்று தோன்றினால் அங்கிருந்தே கயிற்றில் ஏறித் திரும்புவது எளிது. சரியென்றால் இறங்கி, பாறையில் காப்பு வைத்துத் தன்னைக் கட்டிக்கொண்ட பிறகே இறங்கு கயிற்றிலிருந்து விடுபடுவார்.

இங்கே ஒரு விதி, விலக்கே இல்லாதது: திட்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும் இருவரும் எப்போதும் பாறையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். எதிர்பாராத ஒரு அலை முழங்கால் அளவுதான் வரும், ஆனால் ஆளை இழுத்துப்போக அது போதும். ஹார்னஸும் உலோகக் கொத்தும் அணிந்தவரால் அலையடிக்கும் பாறையோரத்தில் நீந்த முடியாது.

ப்ரூசிக் முடிச்சுகளில் கயிறு ஏறிப் பழகாமல் இங்கே வராதீர்கள். நீளமான ஒன்று காலுக்கு, குட்டையான ஒன்று இடுப்புக்கு. ஒன்றில் எடை போட்டு மற்றொன்றை மேலே தள்ள வேண்டும். சில மீட்டருக்கு ஒருமுறை கீழே தொங்கும் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஹார்னஸில் மாட்டிக்கொள்வது, ப்ரூசிக் வழுக்கினால் காப்பாற்றும். காற்றில் தொங்கும் 40 மீட்டர் கயிற்றை இப்படி ஏறப் பழக்கமில்லாதவருக்கு அரை மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஒரு மரத்திலோ சிறு பாறையிலோ முன்பே செய்து பாருங்கள்.

குரல் எட்டாத இடத்தில்

அலை ஓசையில் 15 மீட்டருக்கு மேல் பேச்சு கேட்காது. கத்தினால் குரல் வரும், சொல் வராது. ‘கட்டிக்கொண்டேன்’ என்பதும் ‘கயிறு விடு’ என்பதும் ஒன்றுபோல் காதில் விழும் இடத்தில் கத்துவதை நம்பக் கூடாது. கயிற்றை மூன்று முறை இழுப்பது போன்ற சைகைகளும் நடைமுறையில் குழப்பும். முன்னவர் காப்பில் மாட்டுவதற்காகக் கயிற்றை இழுப்பதும் கீழே அதே மாதிரிதான் தெரியும்.

நம்பகமான முறை இது. முன்னவர் உச்சியை அடைந்து ஆங்கர், அதாவது தன்னைப் பிணைத்துக்கொள்ளும் பிடிமானம், கட்டி முடித்ததும் மிச்சக் கயிறு முழுவதையும் மேலே இழுப்பார். கீழே உள்ளவர் கயிறு வேகமாகப் போவதைக் கவனித்தபடி, கயிறு தன் ஹார்னஸில் இறுகும்வரை பிலேயைக் கழற்றக் கூடாது. இறுகிய பிறகும் திட்டில் கட்டிய கட்டுகளைக் கழற்றாமல், முன்னவர் கயிற்றை பிலே கருவியில் மாட்டுவதற்கு இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு அடி மேலே ஏறி நின்று பார்க்க வேண்டும். தளர்ந்த கயிறு உடனே மேலே இழுக்கப்பட்டால் அங்கே பிலே தயார். இதை முன்கூட்டியே உச்சியில் நின்று இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம் பக்கவாட்டில் போனால் பின்னவரைப் பற்றிய கவலை கூடும். முன்னவர் விழுந்தால் முந்தைய காப்பு பிடிக்கும். பின்னவர் காப்பைக் கழற்றிவிட்டு விழுந்தால் அடுத்த காப்பை மையமாக வைத்து ஊசல்போல் பாறைமீது வீசப்படுவார், அல்லது பிடிக்க எதுவுமே இல்லாத இடத்தில் கடலுக்கு மேலே தொங்குவார். கோகார்த்தில் 1968-இல் முதன்முதலாக ஏறப்பட்ட ‘எ ட்ரீம் ஆஃப் ஒய்ட் ஹார்சஸ்’ என்ற புகழ்பெற்ற ஏற்றம் இப்படி நீரின்மேல் பக்கவாட்டில் போவது. அங்கே பின்னவருக்கும் முன்னவருக்குச் சமமான துணிவு வேண்டும். ஆகவே பக்கவாட்டில் கடினமான அடியைக் கடப்பதற்கு முன் ஒரு காப்பு, கடந்த உடனே இன்னொன்று. இரண்டாவது உங்களுக்காக அல்ல, பின்னால் வருபவருக்காக.

உச்சியில் ஆங்கர் கட்டும்போது இரண்டு பிடிமானங்களிலிருந்து வரும் ஸ்லிங்குகளுக்கு இடையேயான கோணத்தைப் பாருங்கள். 60 பாகையாக இருந்தால் ஒவ்வொன்றும் எடையில் ஏறத்தாழ 58 சதவீதத்தைத் தாங்கும். 120 பாகையானால் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும்; இரண்டு வைத்ததில் பயனே இல்லாமல் போகும். பிடிமானம் விளிம்பிலிருந்து தள்ளி இருந்தால், ஏறிய கயிற்றாலேயே நீட்டிக் கட்டிக்கொண்டு விளிம்புக்கு வந்து உட்காருங்கள். பின்னவரின் முகம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எந்த ஏற்றம், எந்த மாதம்

பிரிட்டிஷ் தர முறையில் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இரண்டு குறிகள் இருக்கும். ‘விஎஸ் 4சி’ என்றால் (விஎஸ் என்பது ‘வெரி சிவியர்’) முன்பாதி ஏற்றத்தின் மொத்தக் கடுமை, பின்பாதி அதிலுள்ள மிகக் கடினமான ஓர் அசைவு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘விஎஸ் 5ஏ’ என்றால் பெரும்பாலும் நல்ல காப்போடு ஒரே ஒரு கடினமான அடி. ‘விஎஸ் 4ஏ’ என்றால் அசைவுகள் எளிது. ஆனால் காப்பு அரிதாகவோ பாறை உதிரியாகவோ இருக்கும் என்று எச்சரிக்கிறது. எண் சிறியது என்று அதைத் தேர்ந்தெடுப்பது தவறு. கடலோரத்தில் முதல் சில முறை, உள்நாட்டுப் பாறையில் நிம்மதியாக ஏறும் தரத்துக்கு இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், அனுபவசாலி ஒருவருக்குப் பின்னவராக ஏறி அவர் வைத்த காப்புகளைக் கழற்றிப் பாருங்கள். எது எப்படி அமர்ந்திருந்தது என்பதைக் கைகளால் அறிவதைப்போல் வேறு எந்தப் பாடமும் இல்லை. தரையில் நின்றபடியே ஐம்பது நட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஸ்லிங் மாட்டிக் காலால் எடை போட்டுப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. முகத்தை மட்டும் அதன் நேர்கீழே வைக்காதீர்கள்.

வசந்தத்தில் தொடங்கி கோடை நடுப்பகுதிவரை பல ஓங்கல்கள் பறவைகளுடையவை. கில்லிமாட் பறவை கூடு கட்டுவதில்லை; வெறும் பாறைத் திட்டில் முட்டையிடும். ஆள் வந்து பறவை மிரண்டு எழுந்தால் முட்டை உருண்டு கடலில் விழும். பொரி வல்லூறும் இதே பாறைகளில்தான் குஞ்சு பொரிக்கிறது; பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதன் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். எந்தப் பகுதி எந்த மாதங்களில் மூடப்படுகிறது என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபுல்மார் என்ற பறவை தன் இடத்தைக் காக்க, நாற்றமடிக்கும் எண்ணெயைக் குறி தவறாமல் உமிழும். அந்த வாடை துணியிலிருந்து எளிதில் போகாது. ஒரு திட்டில் பறவை உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டால் வேறு ஏற்றம் தேடுங்கள். அமைதியான ஓங்கல் என்று நாம் சொல்வது மனிதர்கள் இல்லாததைத்தான். அங்கே குடியிருப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு மேலே வந்துவிடுவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஓங்கலின் அடியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போகலாம். ஒரு விசில், ஒரு தலைவிளக்கு, மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று ஹார்னஸில் தொங்கட்டும். நனைந்த உடம்போடு நிழலில் ஒரு மணி நேரம் பிலே பிடித்தாலே கைவிரல்கள் மரத்துவிடும்.

திரும்பி வந்ததும் அன்று இரவே எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலைத் துளி படவே இல்லை என்றாலும் உப்புக் காற்று பட்டிருக்கும். கேமின் பற்களுக்கிடையே தங்கும் உப்பு சில நாட்களில் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், விசை இறுகிப்போகும். விசையை இழுத்து இழுத்து விட்டபடி கழுவி, காயவைத்து, அச்சில் மட்டும் ஒட்டாத வகை மசகை இடுங்கள். கயிறுகளையும் ஸ்லிங்குகளையும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். உப்புப் படிகங்கள் இழைகளுக்குள் இருந்து அறுக்கும். இறங்கு கயிற்றை அலசும்போது முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டு, விளிம்பில் பட்ட பகுதியை நிதானமாகத் தடவிப் பாருங்கள். உறை பிசிறியிருந்தாலோ, உள்ளே ஓரிடம் மெத்தென்று மடிந்தாலோ, அந்த இடத்தோடு கயிற்றை வெட்டிவிடுங்கள்.